இரண்டு கடலுக்கு ஒரே நோட்டீஸ்

தேங்காய்ப்பட்டணம்
28 மே 2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எண்பத்தொரு வயதில், குரல்வளையை எடுத்த இரண்டாம் மாதத்தில், தன் கம்பெனியைவிட இரண்டு மடங்கு பெரிய இன்னொரு கம்பெனியை ஒரு மனிதர் எதற்காக வாங்குகிறார்? கடன் கொடுத்த வங்கியிலிருந்து வந்தவர் நேற்று என்னிடம் இதைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "மகளுக்கே தெரியாதா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

லாபத்தை விளக்க என்னால் முடிந்தது. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் பாதியில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டால் ஜூன் பாதியில்தான் அவிழ்ப்பார்கள். மேற்கே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடித் தடை ஜூன் ஒன்றில் தொடங்கி ஜூலையோடு முடிகிறது. படகு சும்மா நிற்கும் மாதங்களில்தான் வலை வாங்குவார்கள். கோட்டாறில் நாம் கிழக்குக் கரைக்கு வலை பின்னுகிறோம். நீங்கள் வாங்கிய ஜான்ரோஸ் முதலாளியின் கம்பெனி இங்கே தேங்காய்ப்பட்டணத்தில் மேற்குக் கரைக்குப் பின்னுகிறது. இரண்டும் ஒன்றானால் ஒரு பருவம் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். இதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். ஆனால் இது வாங்கியதால் கிடைக்கும் ஆதாயம்தான். நீங்கள் வாங்கிய காரணம் இது அல்ல என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தோன்றியது.

வங்கி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள் போர்டு கூடி உங்களுக்குப் பிறகு நிர்வாக இயக்குநர் யார் என்று முடிவு செய்ய வேண்டும். அந்த நிபந்தனையில் கையெழுத்துப் போட்ட வாரமே என்னை இங்கே அனுப்பினீர்கள், இரண்டு தொழிற்சாலையையும் ஒன்றாக்கச் சொல்லி. அதே வாரம் ஷார்ஜாவில் இருக்கும் தம்பி சபீருக்கு ஊருக்கு வரச்சொல்லிச் செய்தி போயிருக்கிறது. இதை உம்மா சொல்லித்தான் அறிந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை.

நேரில் கேட்டிருக்கலாம். நேரில் நீங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறீர்கள். நான் ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூன்று சொல் எழுதித் துடைத்துவிடுகிறீர்கள். துடைத்துவிட்டதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. போனில் எழுதினால் உங்கள் கண்ணுக்கு எழுத்து தெரியாது, வீட்டில் வேறு யாராவது வாசிப்பார்கள். அதனால் தாளில் எழுதுகிறேன். தினமும் நூல் பாபின் ஏற்றிக்கொண்டு போகும் வேனில் டிரைவர் ஷிபு இதைக் கொண்டுவருவான்.

நஸீபா


கோட்டாறு
31 மே

நஸீபா மக்கா,

வஅலைக்கும் ஸலாம். உன் கடுதாசி வந்து சேந்து. பாபின் பெட்டிக்க அடியில ஒளிச்சு வச்சுக் கொண்டுவந்தான் ஷிபு, தங்கம் கடத்துறவன் மாதிரி.

எனக்கு இப்போ எழுதினாத்தான் பேச்சு. அதனால பேசுறது போலத்தான் எழுத வரும். நீ எம்.ஏ. படிச்சவ. சிவப்பு மை எடுக்காம வாசி.

எதுக்கு வாங்கினேன்னு பேங்குக்காரன் இன்னும் கேட்டா, கிழவன் வெத்தல வாங்கக் கடைக்குப் போனான், கம்பெனிய வாங்கிட்டு வந்துட்டான்னு சொல்லு. கடைத்தெருவுல என்ன பேசுறானுவ தெரியுமா? மைதீன் முதலாளி இந்த வயசுல ரெண்டாம் நிக்காஹ் பண்ணிட்டாரு, பொண்ணு வீட்டுக்காரருக்கு அவரைவிட வசதின்னு. உன் உம்மாட்ட எவனோ போய் அதையும் சொல்லிட்டான். ரெண்டு நாளா எனக்குக் கஞ்சிதான்.

ஜான்ரோஸ் முதலாளி அங்க வந்தா நீ எழும்பி நிக்கணும். பேப்பர்ல அது நம்ம கம்பெனி. ஆனா அவரு கட்டினது, கேட்டியா. அவருக்கு பிளஸ்ஸி ஒருத்திதான், அயர்லாந்துல டாக்டரு. வலை நாறும்ங்கா. அவரு விக்கும்போது அழல. சாவியக் குடுத்த பொறவு அந்தச் சாவிக்கொத்தை மட்டும் திருப்பிக் கேட்டாரு, சாவி இல்லாம, வெறும் வளையத்தை. குடுத்தேன்.

சபீர் வாறான். வந்தா வரட்டு. நீ பெருநாளைக்கு வருவியா?

வாப்பா


தேங்காய்ப்பட்டணம்
9 ஜூன்

வாப்பாவுக்கு,

பெருநாளன்று நான் சாப்பிடாமல் கிளம்பியதற்கு உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கத்தான் ஆபீசுக்குப் போனேன். விடுமுறை நாள். உள்ளே சபீர் இருந்தான். என் மேசையை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"லாத்தா, நீங்க மேக்க போயாச்சுல்லா? சேர் சும்மா கெடந்தா தூசி பிடிக்கும்னு உக்காந்தேன்."

"தூசி துடைக்க ஆள் இருக்குடா."

"அப்போ அந்த ஆள் நான்தான்னு வச்சுக்கோங்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். அவன் எதையும் கெட்ட மனதோடு செய்கிறவன் அல்ல. இருக்கும் இடம் தனக்கு உரியது என்று பிறந்ததிலிருந்து நம்புகிறான், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிலேட்டில் "சாப்பிட வா" என்று எழுதினீர்கள்.

திருவனந்தபுரத்தில் பொருளாதாரம் படித்தேன். ஒரு கல்யாணம் ஒன்பது மாதத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தீர்கள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, இப்போது நாற்பத்தெட்டு. நீங்கள் கொடுத்தது வேலையா இரக்கமா என்று நான் கேட்டதே இல்லை. வேலை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது கேட்கிறேன்.

இங்கே வேலை நடக்கிறது. உற்பத்தி மேலாளர் இந்துஜாவைப் பற்றிப் பெருநாள் காலையில் நீங்கள் கேட்டிருந்தீர்கள். பூதப்பாண்டிக்காரி, முப்பத்தாறு வயது, ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். ஜான்ரோஸ் முதலாளி பன்னிரண்டு வருடமாக வளர்த்த ஆள். எதைச் சொன்னாலும் "ஏன் மேடம்?" என்கிறாள். மரியாதைக்குறைவாக அல்ல, காரணம் தெரிந்தால் வேலை சுலபமாக இருக்கும் என்பதுபோல. நம் கோட்டாறில் யாரும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. நானும் உங்களிடம் கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நஸீபா


கோட்டாறு
27 ஜூன்

நஸீபா மக்கா,

ரெண்டு வாரமா எழுதல. தொண்டையில போட்டிருக்க குழாயில சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பயப்படாண்டாம். சபீர்தான் கூட்டிட்டுப் போனான். டாக்டர்ட்ட எனக்குப் பதிலா அவனே பேசினான். எனக்கு எங்க வலிக்குன்னு எனக்கே தெரியாத இடமெல்லாம் சொன்னான்.

வேலையா இரக்கமான்னு கேட்டிருந்தியே. முதல் வருசம் இரக்கம். பொறவு வேலை. அதுக்குப் பொறவு நீ இல்லாட்டா எனக்குக் கை இல்ல. இத நான் வாயால சொல்லியிருக்கணும், வாய் இருந்தப்ப. அப்போ சொல்லத் தோணல.

சபீர் சேர்ல இருக்கத பெரிசா எடுக்காத. சேர் மரம். நாற்காலி வேற. அத இன்னொரு நாள் எழுதுறேன்.

ஜூலை ஒண்ணாந்தேதி வருது. எப்பவும் போல மெஷின் ஓவராயில். நோட்டீஸ் என் கையால ரெண்டு எழுதியாச்சு, ஒண்ணு இங்க ஒட்டியாச்சு, ஒண்ணு ஷிபு கைல வருது. இனி ரெண்டும் ஒரு கம்பெனி, சட்டமும் ஒண்ணா இருக்கணும். மெஷின் அவுத்துப் பூட்டுற பிட்டர்மாரையும் அனுப்புறேன். எல்லா மெஷினையும் அவுத்து மண்ணெண்ணெயில கழுவணும். ஒண்ணையும் விடாண்டாம்.

வாப்பா


தேங்காய்ப்பட்டணம்
2 ஜூலை

வாப்பாவுக்கு,

உடம்பைப் பற்றி இத்தனை தாமதமாகச் சொன்னது சரியல்ல. சபீரிடம் சொல்லி மருந்துச்சீட்டை அனுப்பச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் நேற்றுக் காலை ஒட்டப்பட்டது. கோட்டாறிலிருந்து பிட்டர்கள் வந்துவிட்டார்கள். இப்போது தரையெங்கும் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கொக்கிகளும் ஷட்டில்களும் மண்ணெண்ணெயில் ஊறிக்கிடக்கின்றன.

நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. நோட்டீஸைப் பார்த்துவிட்டு இந்துஜா என் அறைக்கு வந்தாள்.

"மேடம், கோட்டாறுல ஜூலை சும்மா இருக்க மாசம். அங்க போட்டுல்லாம் கடலுக்குப் போயாச்சு. நமக்கு இப்பதான் சீசன். கரையில எல்லா போட்டும் வலைக்குத்தான் காத்துக்கெடக்கு. நாங்க ஓவராயில் நவம்பர்லதான் பாப்போம், நாலு நாலு மெஷினா."

"தெரியும்" என்றேன்.

"அப்போ ஏன் மேடம்?"

"முதலாளி எழுதியிருக்காங்க."

"அவங்க மறந்து எழுதியிருப்பாங்க. ஒரு வார்த்தை கேளுங்க."

இருபத்துமூன்று வருடத்தில் நீங்கள் கைப்பட எழுதிய எதையும் நான் திருப்பிக் கேட்டதில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. வாப்பா எழுதினால் அதுதான் முடிவு என்று மட்டும் சொன்னேன். ஏதோ யோசித்திருப்பீர்கள், எனக்குச் சொல்லாத ஒரு கணக்கு இருக்கும் என்று நினைத்தேன். கம்பெனியை வாங்கியபோதும் அப்படித்தானே இருந்தது.

அவள் "சரி மேடம்" என்று போனாள்.

நஸீபா


தேங்காய்ப்பட்டணம்
19 ஜூலை

வாப்பாவுக்கு,

நாற்பத்திரண்டு மெஷின் என்பது கோட்டாறின் பதினெட்டு அல்ல. பத்து நாளில் முடியும் என்று வந்த பிட்டர்கள் இன்னும் பாதிகூடத் திரும்பப் பூட்டவில்லை. பூட்டியவற்றிலும் முடிச்சு இறுக்கம் சரியாக வரவில்லை.

கடியப்பட்டணத்திலிருந்து கபிரியேல் என்ற படகுக்காரர் திங்களன்று வந்தார். முட்டத்தில் இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர், இருபது வருட வாடிக்கை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே மரநிழலில் நின்ற மற்றவர்களிடம் சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு விடுவாவ. இப்போ வலைக் கம்பெனிக்கும் முழுப்பரீட்சை லீவு." எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் என்னிடம் வந்து, சிரிக்காமல், "தாயி, ஒண்ணாந்தேதி நான் கடலுக்குப் போவணும். வலை இல்லாம எதைப் போட்டு மீனைப் பிடிக்க, கையைப் போட்டா?" என்றார்.

அன்று மாலை குளச்சல் துறைமுகத்தில் கேரளத்து வலைக் கம்பெனி ஒன்றின் லாரி நின்றதாக ஷிபு சொன்னான். மறுநாளும் நின்றது. பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஜான்ரோஸ் முதலாளி வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை. தார்ப்பாய்களைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பையிலிருந்து அந்தச் சாவி வளையத்தை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே, "மோளே, உங்களுக்கு ஒரு கடல். எங்களுக்கு வேற கடல். ரெண்டையும் வாங்கின பொறவு ஒண்ணை மட்டும் நெனச்சா எப்படி?" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நேற்றுப் பின்கட்டுக் கொட்டகையிலிருந்து மெஷின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஆறு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்தே ஓடுகிறது. பிட்டர்களை அந்தப் பக்கம் விடாமல், அது பழுதான கொட்டகை என்று சொல்லிப் பூட்டி வைத்திருக்கிறாள் இந்துஜா. முன்கூடத்தில் சுத்தியல் சத்தம் கேட்கும் நேரத்தில் மட்டும் ஓட்டியிருக்கிறாள்.

"நான் சொன்னதை நீ செய்யலையே" என்றேன்.

"இல்ல மேடம். வேலையை விட்டுப் போகச் சொன்னா போறேன். இந்த வலை கடியப்பட்டணத்துக்குப் போன பொறவு போறேன்."

அந்த ஆறு மெஷினின் வலைதான் கபிரியேலுக்கும் இன்னும் சிலருக்கும் போகப்போகிறது. மீதிப்பேர் இந்த வருடம் நம்மிடம் வரமாட்டார்கள். அடுத்த வருடமும் வருவார்களா தெரியாது.

வாப்பா, நான் ஒன்றைத்தான் கேட்கிறேன். சிலேட்டில் அல்ல, தாளில் பதில் வேண்டும். இது சோதனையா? மறுத்துப் பேசுகிறேனா என்று பார்க்கத்தான் அப்படி எழுதினீர்களா? அப்படியென்றால் நான் தோற்றுவிட்டேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதிக்க இத்தனை பேருடைய பிழைப்பு தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

நஸீபா


கோட்டாறு
22 ஜூலை

மக்கா,

சோதிக்கத்தான் எழுதினேன்னு சொன்னா எனக்கு மரியாதை. ஊரும், கிழவன் என்ன மூளைக்காரன் பாத்தியான்னு சொல்லும். அது உண்மை இல்ல. நான் மறந்துட்டேன்.

நாப்பது வருசமா ஜூன் கடைசியில இந்தக் கை அந்த நோட்டீஸை எழுதும். இந்த வருசமும் எழுதிச்சு. மேக்க வேற கடல், வேற தடைன்னு அப்போ மண்டையில இல்ல. அந்த ரெண்டு தடைக்காகத்தான் வாங்கினோம்னு பேங்குல நானே எழுதிக் காட்டினவன். அதான் பயமா இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். சபீர்ட்ட சொல்லாண்டாம். போன வாரம் உன் உம்மாவைக் கூப்பிடச் சொல்லி எழுத சிலேட்டு எடுத்தேன். பேரு வரல. குச்சியப் பிடிச்சுட்டு இருந்தேன். அவ வந்து, என்ன, தண்ணியான்னு கேட்டா. ஆமான்னு தலையாட்டினேன். தாகமே இல்ல, குடிச்சேன். சுபைதா. இப்போ எழுதிட்டேன். வந்துட்டு.

எதுக்கு வாங்கினேன்னு நீ மே மாசம் கேட்டியே. இப்போ சொல்றேன்.

பதினெட்டு மெஷின் வச்சிருந்தா அது கம்பெனி இல்ல, வீட்டுச் சாமான். நான் கண்ணை மூடினா பீரோ யாருக்கு, கட்டில் யாருக்குன்னு போற மாதிரி அதுவும் போகும். பங்கு பங்கா பிரிஞ்சு, கடைசியில மூத்த ஆம்பிள உக்காருவான். பள்ளிவாசல்ல நாலு பேரு, அதான முறைம்பாங்க. நீ ஒண்ணும் சொல்லமாட்டே. உன் கண்ணாடிய எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவே. உன்ன எனக்குத் தெரியும். சபீர் நல்ல பய. அவனுக்கு வலையும் தெரியாது, கரையும் தெரியாது.

ஜான்ரோஸுக்கு ஆளு இல்ல, கம்பெனி இருந்திச்சு. எனக்கு ஆளு இருந்திச்சு, அவ உக்காரக்கூடிய கம்பெனி இல்ல. அத வாங்கினேன். அறுபது மெஷினு, பேங்கு, போர்டு, போர்டுல ஜான்ரோஸ், வெளியாளு நாராயணபெருமாள்னு ஆயாச்சுன்னா பங்கு வேற, நாற்காலி வேற. பங்கு முறைப்படி போகட்டு. நாற்காலி வேலை தெரிஞ்சவங்களுக்கு. அத யாரும் பள்ளியில வச்சுப் பேச முடியாது. உன்ன மேக்க அனுப்பினது ஒதுக்கல்ல. ரெண்டு கரையும் உன்னக் காணணும்னுதான். சபீரைக் கூப்பிட்டது, அவன் கண்ணால பாத்துட்டு, எனக்கு வேண்டாம்னு அவனே சொல்லணும்னுதான். நேத்து சொல்லிட்டான். மெஷின் சத்தத்துல தலை வலிக்காம்.

ஆறு மெஷினை ஒளிச்சு வச்சாளா அவ? வாசிச்சுட்டு சிரிச்சேன். சத்தம் வராது, ஆனா வயிறு குலுங்கிச்சு. உன் உம்மா ஓடி வந்துட்டா. இந்துஜாவை வேலைய விட்டு அனுப்பிராத.

ஜூலை தப்பு என்னது. உன்னது இல்ல. செப்டம்பர் ஒண்ணாந்தேதி நான் உன் பேரைத்தான் குடுப்பேன்.

வாப்பா


கோட்டாறு
16 ஆகஸ்ட்

நஸீபா மக்கா,

மூணு வாரமா உன் எழுத்து இல்ல. ஷிபுட்ட பாபின் பெட்டிய கமத்திப் பாக்கச் சொன்னேன். பாபின்தான் விழுந்து.

ஏட்டி, கோவமா?

வாப்பா


தேங்காய்ப்பட்டணம்
31 ஆகஸ்ட், ஞாயிறு

அன்புள்ள வாப்பாவுக்கு,

கோபம் இல்லை. உங்கள் ஜூலைக் கடிதத்தை எத்தனையோ முறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் பதில் எழுத உட்கார்ந்து, மெஷின் பூட்டும் வேலைக்குப் போய்விட்டேன். இப்போது எல்லாம் ஓடுகிறது. இன்று வேன் இல்லை, இந்தக் கடிதம் உங்களுக்கு நாளைக்கு முன் வந்து சேராது. இருந்தாலும் எழுதுகிறேன். நாளை போர்டில் என்ன சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உங்களிடம் சொல்லவே விரும்புகிறேன்.

நீங்கள் எனக்காக ஒரு கம்பெனி வாங்கினீர்கள். இதைப் படித்த அன்று நான் அழுதேன். அழுததைத் தவிர வேறெதுவும் அன்று செய்யவில்லை. நான் சந்தேகப்பட்ட அத்தனை மாதமும் நீங்கள் எனக்கு ஓர் இடம் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

ஆனால் ஜூலை தப்பு உங்களுடையது மட்டும் அல்ல. நீங்கள் மறந்தீர்கள். எனக்கு மறக்கவில்லை. மே மாதம் வங்கிக்காரருக்கு இரண்டு தடையையும் விளக்கியவள் நான். நோட்டீஸைப் படித்தவுடன் அது தவறு என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே ஒட்டினேன், உங்கள் கையெழுத்து என்பதால். இருபத்துமூன்று வருடம் நீங்கள் நினைத்ததைப் பிழையில்லாமல் நடத்தினேன். அதைத்தான் எல்லாரும் திறமை என்றார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கம்பெனி சிறியதாகவே இருந்திருந்தால், நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் எனக்கு இது தெரிந்திருக்காது. பெரியதை வாங்கியதால் தெரிந்துவிட்டது. நீங்கள் எதற்காக வாங்கினீர்களோ அது வேலை செய்துவிட்டது. நீங்கள் எதிர்பார்த்த பெயர் மட்டும் வரவில்லை.

தலைமைக்கு வருகிறவர் தவறான நோட்டீஸ் வந்தால் ஆறு மெஷினையாவது பூட்டி வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நாளை இந்துஜாவின் பெயரைச் சொல்லப்போகிறேன். நீங்கள் எழுதுமுன் பேசிவிட வேண்டும் என்றிருக்கிறேன். எழுதிவிட்டால் எனக்குப் பேச வருமா என்று தெரியவில்லை.

நஸீபா


தேங்காய்ப்பட்டணம்
1 செப்டம்பர், மாலை

இது நேற்றைய கடிதத்தின் தொடர்ச்சி. நேற்று எழுதியது இன்னும் பையில்தான் இருக்கிறது. நடந்தது எல்லாம் உங்கள் முன்னால்தான் நடந்தது. ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதிவைக்கிறேன்.

பேசிவிடலாம் என்றுதான் கோட்டாறுக்கு வந்தேன். முடியவில்லை. நாராயணபெருமாள் சார் கூட்டத்தைத் தொடங்கி இரண்டு வரி வாசிப்பதற்குள் நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். சிலேட்டை இரண்டு கையாலும் தூக்கி மேசையைச் சுற்றிக் காட்டினீர்கள். நஸீபா என்று இருந்தது. எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. குச்சி எங்கும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

ஜான்ரோஸ் முதலாளி "நல்லது" என்றார். சபீர் என்னைப் பார்த்துச் சிரித்தான், மனதாரத்தான். இருபத்துமூன்று வருடமாக நான் காத்திருந்தது அந்தப் பலகையில் இருந்தது. நான் எழுந்து உங்களிடம் வந்து கை நீட்டினேன். நன்றி சொல்ல வருகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். உடனே கொடுத்துவிட்டீர்கள். நான் முக்காட்டு நுனியால் என் பெயரைத் துடைத்தேன். இந்துஜா என்று எழுதி உங்கள் முன்னால் வைத்தேன்.

"லாத்தா, வாப்பா எழுதினத அழிச்சிட்டீங்களே" என்றான் சபீர்.

நாராயணபெருமாள் சார், "இது யாருடைய முடிவு?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். ஜூலையில் நடந்ததைச் சொன்னேன். ஆறு மெஷினைப் பற்றிச் சொன்னேன். நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முடித்ததும் குச்சியை எடுத்தீர்கள். எல்லாரும் காத்திருந்தோம். நீங்கள் குச்சியை மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வலைக்கு விலை படிந்தால் செய்வதுபோல மேசையை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினீர்கள். தீர்மானம் நிறைவேறியது.

இந்துஜாவுக்கு நான்தான் போன் செய்தேன். சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஏன் மேடம்?" என்றாள். நாளை நேரில் சொல்கிறேன் என்றேன்.

மூன்று மணிக்குச் சாயா வந்தது. நீங்கள் குடிக்கவில்லை. நான்கு மணிக்கு வேன் புறப்பட்டது. என் துணிமணி இங்கே இருப்பதால் அதிலேயே வந்தேன். கிளம்புமுன் உங்கள் அறைக்கு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். சிலேட்டு மடியில் இருந்தது. அவள் பெயருக்கு அடியில் என் பெயர் வெள்ளையாக, மங்கலாகத் தெரிந்தது. உலர்ந்த துணியால் துடைத்தால் முழுதும் போகாது.

நான் வாசலில் நின்றேன். ஏதாவது எழுதுவீர்கள் என்று நினைத்தேன். ஷிபு ஹார்ன் அடித்தான், இரண்டாம் முறையும் அடித்தான். நீங்கள் எழுதவில்லை. நான் வேனில் ஏறினேன்.